செக்யூரிட்டி ஆடிட் கடைசியில் போதுமா? லாப் ரிப்போர்ட் சாஃப்ட்வேர் தொடங்கும் முன் ஒரு கேள்வி

மணல்மேடு எழுதியது:

வணக்கம். எங்க டீம்ல நாலு டெவலப்பர். ரத்தப் பரிசோதனை லாப் ஒண்ணுக்கு முதல்ல இருந்து புது சாஃப்ட்வேர் எழுதப் போறோம். மெயின் லாப் ஒண்ணு, சாம்பிள் எடுக்குற சென்டர் 14. கவுன்ட்டர்ல பேஷன்ட்டை ரெஜிஸ்டர் பண்ணுவாங்க, இல்லன்னா வீட்டுக்கே போய் ரத்தம் எடுப்பாங்க. டியூப்ல பார்கோடு ஒட்டி மெயின் லாபுக்கு வரும். மெஷின் ரிசல்ட் நேரா நம்ம சிஸ்டத்துக்குள்ள வரணும். பேத்தாலஜிஸ்ட் பார்த்து அப்ரூவ் பண்ணினதும் ரிப்போர்ட் லிங்க் பேஷன்ட்டுக்கு வாட்ஸ்அப்ல போகணும். அனுப்பி வச்ச டாக்டருக்கும் ஒரு லாகின் உண்டு, அவர் அனுப்பின பேஷன்ட்டை மட்டும் பார்க்கலாம். சர்வர் நோட் ஜேஎஸ்ல, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், மொபைல் ஆப் ஃபிளட்டர்ல.

மேனேஜர் போட்ட பிளான்ல செக்யூரிட்டின்னு ஒரே ஒரு வரி இருக்கு. லைவ் போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி வெளி கம்பெனி கிட்ட ஆடிட் குடுப்போம், அவங்க சொல்றதைத் திருத்திக்கலாம். அவ்வளவுதான். எனக்கு இது சரியாப் படலை. ஆனா மீட்டிங்ல ஏன்னு கேட்டப்போ சொல்ல எதுவும் கையில இல்லை.

ஆடிட் கடைசியில போதாதா? போதாதுன்னா முதல் வாரத்துலயே எதை முடிவு பண்ணணும்? எல்லாத்தையும் முன்னாடியே பண்ண எங்களுக்கு நேரம் கிடையாது, மூணு மாசத்துல முதல் சென்டர் லைவ். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

தாழம்பூ எழுதியது:

தம்பி, மருத்துவமனை மென்பொருளிலேயே பல வருடமாக இருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுக் கடந்து போக முடியவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் பதிவில் ஒரு வரியைத்தான் முதலில் பிடித்துக்கொண்டேன்: ரிப்போர்ட் லிங்க் வாட்ஸ்அப்பில் போகும். அந்த லிங்க் எப்படி இருக்கும் என்று யாராவது இதுவரை யோசித்தீர்களா? யோசிக்காவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். டேட்டாபேஸ் டேபிளில் ரிப்போர்ட் எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று தானாக ஏறிக்கொண்டு போகும். லிங்க் முடிவில் ரிப்போர்ட்/10482 என்று வரும். பேஷன்ட் ஒருவர் அதை 10483 என்று மாற்றிப் பார்ப்பார். அடுத்தவருடைய சர்க்கரை அளவு திறக்கும்.

இது கற்பனை இல்லை. அமெரிக்காவில் சொத்துப் பத்திரங்களுக்குக் காப்பீடு தரும் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்தில் இதேதான் நடந்தது. லிங்க்கில் ஒரு எண்ணை மாற்றினால் போதும், பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் அடுத்தவர் ஆவணம் வந்துவிடும். வங்கிக் கணக்கு எண், அடமானப் பத்திரம் எல்லாம். சுமார் 88.5 கோடி ஆவணங்கள் அப்படிக் கிடந்தன. 2019 மே மாதம் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் அதை வெளியே கொண்டுவந்தார். உங்கள் மேனேஜருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது இதற்குப் பின் வருகிறது. அந்த ஓட்டை 2014-இல் உள்ளே வந்ததாகவும், 2018 டிசம்பரில் நிறுவனத்தின் சொந்த பென்டெஸ்ட்டே (உள்ளே நுழைய முடிகிறதா என்று தாக்கிப் பார்க்கும் சோதனை) அதைக் கண்டுபிடித்துவிட்டதாகவும் நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறை விசாரித்துச் சொன்னது. கண்டுபிடித்த பிறகும் கிரெப்ஸ் எழுதும் வரை அது திறந்தே கிடந்தது. சோதனை தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் பல வருடம் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில், கோடிக்கணக்கான லிங்க் வெளியே போன பிறகு வந்த ஆடிட் ரிப்போர்ட், வரிசையில் காத்திருக்கும் இன்னொரு வேலையாகிவிடுகிறது.

ஆடிட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வையுங்கள். ஆனால் ஆடிட்டர் நீங்கள் கட்டிய கதவுகள் பூட்டுகின்றனவா என்றுதான் பார்ப்பார். எந்தக் கதவு எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்கள். அதை லைவ்வுக்கு இரண்டு வாரம் முன்னால் எடுக்க முடியாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன், எந்தப் பென்டெஸ்ட்டிலும் இது வராது. நம் ஊரில் ஒரு குடும்பத்துக்கே ஒரு மொபைல் நம்பர்தான் கவுன்ட்டரில் கொடுப்பார்கள். அப்பா நம்பர், இல்லையென்றால் வெளியூரில் இருக்கும் மகன் நம்பர். நீங்கள் மொபைல் நம்பரையே அடையாளமாக வைத்து, ஓடிபி போட்டால் அந்த நம்பரில் உள்ள ரிப்போர்ட் எல்லாம் தெரியும் என்று எழுதினால், கல்லூரியில் படிக்கும் பெண்ணின் கர்ப்பப் பரிசோதனை முடிவு அவள் அப்பாவின் போனில் திறக்கும். மருமகனின் எச்ஐவி முடிவு மாமனார் போனில். ஓடிபி சரியாக வேலை செய்தது, என்க்ரிப்ஷன் சரி, சர்வர் சரி. ஆடிட்டரும் எல்லாம் பச்சை என்று எழுதிக் கொடுப்பார். எச்ஐவி நிலையை உரியவர் ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பெண்ணுக்கு அன்று வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைச் சரிசெய்ய ஒரே வழி, பேஷன்ட் வேறு, போன் நம்பர் வேறு என்று முதல் நாளே டேபிளைப் பிரித்து வைப்பது. ஒரு நம்பரின் கீழ் பல பேஷன்ட் இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் யார் பார்க்கலாம் என்பது தனியாக எழுதப்பட வேண்டும். 14 சென்டர் டேட்டா ஏறிய பிறகு இதைப் பிரிக்கப் போனால், யார் யாருடைய ஆள் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அடுத்தது, இந்த அனுமதிச் சோதனை எங்கே நடக்கிறது என்பது. பெரும்பாலான டீம்களில் ஒவ்வொரு ஏபிஐயிலும் (ஆப் சர்வரிடம் தகவல் கேட்கும் வழி) ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள். நாற்பது இடத்தில் சரியாக எழுதி, நாற்பத்தோராவது இடத்தில், அவசரமாகக் கேட்ட எக்ஸெல் டவுன்லோடில் விட்டுவிடுவார்கள். நீங்கள் போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கிறீர்கள், அதில் 9.5 பதிப்பிலிருந்தே ரோ லெவல் செக்யூரிட்டி, அதாவது வரிசை வாரியாக அனுமதி வைக்கும் வசதி, இருக்கிறது. இந்த சென்டர் ஆள் இந்த சென்டர் வரிசைகளை மட்டும்தான் பார்க்கலாம் என்று டேட்டாபேஸிலேயே ஒரு முறை எழுதிவிட்டால், குவெரியில் மறந்தாலும் அடுத்தவர் வரிசை வராது. இரண்டு இடத்தில் எல்லோரும் வழுக்குகிறார்கள். டேபிளின் ஓனராக ஆப் கனெக்ட் ஆனால் இந்தப் பாலிசி அவருக்குச் செல்லாது, சும்மா இருக்கும். அதனால் மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் வேலை) ஓட்ட ஒரு ரோல், அதாவது ஒரு டேட்டாபேஸ் கணக்கு, ஆப் ஓட ஓனர் அல்லாத இன்னொரு ரோல். இரண்டாவது கனெக்ஷன் பூல், அதாவது டேட்டாபேஸ் இணைப்புகளை மூடாமல் பல ரிக்வெஸ்ட்டுகள் மாறி மாறிப் பயன்படுத்துவது. யார் லாகின் ஆகியிருக்கிறார் என்பதை செஷனில் வைத்தால், அதே கனெக்ஷன் அடுத்த ரிக்வெஸ்ட்டுக்குப் போகும்போது பழைய ஆளின் அடையாளத்தோடு போகும். டிரான்சாக்ஷனுக்குள் செட் லோக்கல் என்று வைத்தால் டிரான்சாக்ஷன் முடிந்ததும் அழிந்துவிடும். அடையாளம் எதுவும் இல்லையென்றால் ஒரு வரிசையும் வரக் கூடாது, அதையும் சோதித்துப் பாருங்கள்.

இதில் புதிய தத்துவம் எதுவும் இல்லை. ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் 1975-இல் எழுதிய கட்டுரையில் எட்டுக் கொள்கைகள் உண்டு. வெளிப்படையாக அனுமதி தராவிட்டால் மறுத்துவிடு, ஒவ்வொரு முறையும் சோதி, தேவைக்கு மேல் அதிகாரம் தராதே. ஐம்பது வருடம் ஆகியும் நாம் அதையே மீறிக்கொண்டிருக்கிறோம்.

அந்த எட்டில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக் கொள்கை: பாதுகாப்பு, பயன்படுத்துபவருக்கு எளிதாக இருக்க வேண்டும். நான் ஒரு லாபின் கவுன்ட்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், பெயர் வேண்டாம். காலை ஆறரை மணிக்கெல்லாம் வெறும் வயிற்றோடு வரிசை நிற்கிறது. கவுன்ட்டரில் மூன்று பெண்கள், கம்ப்யூட்டர் இரண்டு. ஒருவர் எழுந்து மற்றவர் உட்காரும்போதெல்லாம் லாக் அவுட் பண்ணி, பன்னிரண்டு எழுத்து பாஸ்வேர்டு போட்டு, ஓடிபி வர நின்றால் வரிசை தெருவுக்குப் போய்விடும். அதனால் எல்லோருக்கும் ஒரே லாகின், பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தது. பிறகு ஒரு ரிப்போர்ட்டில் பேஷன்ட்டின் வயது மாற்றப்பட்டிருந்தது என்று புகார் வந்தபோது, யார் என்ன செய்தார் என்று பதியும் லாகைத் திறந்தால் கவுன்ட்டர்1 என்று மட்டும் இருந்தது. யார் மாற்றினார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலையில் ஒரு முறை முழு லாகின், பிறகு அதே மெஷினில் ஆள் மாறும்போது ஆளுக்கு ஒரு நான்கு இலக்கப் பின் என்று வடிவமைத்திருந்தால் மானிட்டரில் எதுவும் ஒட்ட வேண்டியிருக்காது. முதல் வாரத்தில் ஒரு காலை அந்தக் கவுன்ட்டரில் போய் உட்காருங்கள் தம்பி. எந்தப் புத்தகத்தையும்விட அது அதிகம் சொல்லும்.

---

வடக்குவாசல் எழுதியது:

தாழம்பூ அக்கா சொன்னது எல்லாமே சரி. ஆனா நானும் ஒரு சின்ன கம்பெனி நடத்துறவன், மேனேஜர் பக்கத்தையும் யாராவது சொல்லணும். பில் கேட்ஸ் 2002 ஜனவரியில ஒரு மெமோ எழுதினாரு, விண்டோஸ் வேலையையே நிறுத்தி வச்சுட்டு டெவலப்பர் எல்லாருக்கும் செக்யூரிட்டி டிரெயினிங் குடுத்து பழைய கோடைப் பார்க்க வச்சாங்க. அவங்களால முடியும். கஸ்டமர் முதல் தவணை பணம் குடுக்கறதே டெமோ பார்த்த பிறகுதான்னு இருக்குற நாலு பேர் டீம் அதைச் செய்ய முடியாது. முன்னாடியே எல்லாத்தையும் இழுத்துப் போட்டா சிஸ்டமே வெளிய வராது. எதைத் தள்ளிப் போடலாம்னு சொன்னாத்தான் இவருக்கு உதவும்.

---

தாழம்பூ எழுதியது:

வடக்குவாசல், சரியான இடத்தில் பிடித்தீர்கள். எதைத் தள்ளிப் போடலாம் என்று சொல்லாமல் பேசுவது அறிவுரை மட்டும்தான். ஆனால் மைக்ரோசாஃப்ட் கதையை நான் வேறு மாதிரி படிக்கிறேன். அவர்கள் வேலையை நிறுத்த வேண்டி வந்ததே முன்னால் செய்யாததால்தான். 2001-இல் கோட் ரெட், நிம்டா என்று வரிசையாக வோர்ம்கள் (தானாகவே பரவும் தீய நிரல்கள்) வந்து அடித்த பிறகு எழுதிய மெமோ அது. அதற்கு அடுத்த வருடமே, 2003 ஜனவரியில், மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் சர்வரைத் தாக்கிய எஸ்க்யூஎல் ஸ்லாம்மர் வோர்ம் வந்தது. 376 பைட் அளவுள்ள ஒரே ஒரு பாக்கெட், பத்தே நிமிடத்தில் உலகம் முழுக்க ஓட்டை இருந்த சர்வர்களில் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. அதற்கான பேட்ச் 2002 ஜூலையிலேயே வெளிவந்திருந்தது. இப்படியெல்லாம் பட்ட பிறகுதான் 2004-இல் ஒவ்வொரு புராடக்டும் தொடக்கத்திலிருந்தே கடந்து வர வேண்டிய பாதுகாப்பு நடைமுறையைக் கட்டாயமாக்கினார்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்ப்பது பெரிய கம்பெனிக்குத்தான் கட்டுப்படியாகும். நாலு பேர் டீமுக்கு அது கட்டாது என்பதால்தான் முதலிலேயே செய்யச் சொல்கிறேன்.

எதைத் தள்ளலாம்? நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். இதை ஆறு மாதம் கழித்துச் செய்தால், அந்த ஆறு மாதத்தில் நடந்தது திரும்பி வருமா?

மாற்ற லாகை எடுத்துக்கொள்ளுங்கள். யார், எப்போது, எந்த மதிப்பை எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்று எழுதாமல் ஓட்டினால் அந்த ஆறு மாத வரலாறு என்றைக்கும் கிடைக்காது. இதைத் தள்ள முடியாது. வெளியே அனுப்பிய லிங்க்கும் அப்படித்தான், மக்கள் போனில் போய் உட்கார்ந்துவிடும், அதைத் திருப்பிக் கூப்பிட முடியாது. அதனால் லிங்க் முதல் நாளிலிருந்தே ஊகிக்க முடியாத ரேண்டம் டோக்கனாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட நாளில் காலாவதியாக வேண்டும், திறக்கும்போது ஓடிபி கேட்க வேண்டும். ஒரு முறை திறந்தால் செத்துப்போகும் லிங்க் என்று மட்டும் வைக்காதீர்கள். சில மெயில் ஃபில்டர்களும் செயலிகளும் பயனர் தொடும் முன்னரே லிங்க்கைத் திறந்து பார்த்துவிடும், பேஷன்ட்டுக்குக் காலியான பக்கம்தான் வரும். கோடின் எல்லாப் பதிப்பையும் சேமித்து வைக்கும் கிட்டில் போட்ட பாஸ்வேர்டும் திரும்பாது. ஃபைலை அழித்தாலும் ஹிஸ்டரியில் கிடக்கும். 2016-இல் ஊபரில் 5.7 கோடி பேர் விவரம் போனது இப்படித்தான், பிரைவேட் கிட்ஹப் ரெப்போவில் கிளவுட் சாவி இருந்தது. முதல் கமிட்டுக்கு (கிட்டில் கோடைப் பதிவதற்கு) முன்பே சாவிகளுக்கு வேறு இடம் பாருங்கள், அரை நாள் வேலைதான்.

பேஷன்ட், நம்பர், சென்டர், டாக்டர் உறவுகளைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

தள்ளக்கூடியது நிறைய இருக்கிறது. ஃபயர்வால் சேவை பிறகு வாங்கலாம். லாகையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து அலாரம் அடிக்கும் பெரிய சாஃப்ட்வேர் இப்போது வேண்டாம், லாக் எழுதினால் போதும். சான்றிதழ்கள் கஸ்டமர் கேட்கும்போது பார்க்கலாம். பாஸ்வேர்டு சேமிப்பை நீங்களாக எழுதாதீர்கள், அதற்கென்றே உள்ள ஆர்கான்2 லைப்ரரியைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

இன்னொன்று, யாரும் பேசாதது. பாதுகாப்பு என்றாலே ரகசியம் கசிவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். லாபில் அதைவிடப் பயங்கரமானது ரிசல்ட் மாறுவது. பொட்டாசியம் 6.8 என்று மெஷின் சொல்லி, ரிப்போர்ட்டில் 3.8 என்று போனால் ஐசியூவில் போக வேண்டியவர் வீட்டுக்குப் போவார். அனலைசர்கள் (ரத்தத்தைச் சோதிக்கும் மெஷின்கள்) பேசும் ஏஎஸ்டிஎம், எச்எல்7 போன்ற பழைய நெறிமுறைகளில் அனுப்புவது யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு தானாக வருவதில்லை. மெஷின் ரிசல்ட் வந்து சேரும் போர்ட்டுக்கு யார் வந்து எதை அனுப்பினாலும் ரிசல்ட் என்று நம்பி எடுத்துக்கொள்ளும். அதனால் மெஷின்களுக்குத் தனி நெட்வொர்க் கேளுங்கள், காத்திருப்பு அறையின் இலவச வைஃபை அதைத் தொடவே கூடாது. அப்ரூவ் ஆன ரிப்போர்ட்டை யாராலும் திருத்த முடியாதபடி வையுங்கள். திருத்தம் வேண்டுமென்றால் இரண்டாம் பதிப்பு, காரணத்தோடு, பேத்தாலஜிஸ்ட் பெயரோடு. ஆப் ஓடும் ரோலுக்கு அந்த டேபிளில் அப்டேட், டிலீட் அனுமதியே கொடுக்காதீர்கள். ஸ்க்ரீனில் பட்டனை மறைப்பது போதாது.

---

பிழைதேடி எழுதியது:

நான் டெஸ்டர். மேலே உள்ளதை எப்படி நிலைக்க வைப்பது என்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் முதல் மாதம் எல்லோரும் ஒழுங்காக எழுதுவார்கள், டெட்லைன் நெருங்கும்போதுதான் நழுவும்.

டெஸ்ட் டேட்டாவில் எப்போதும் இரண்டு சென்டர், இரண்டு டாக்டர், ஒரே நம்பரில் இரண்டு பேஷன்ட் இருக்கட்டும். ஒவ்வொரு ஏபிஐயையும் தவறான ஆளின் லாகினில் கூப்பிட்டுப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று தானாக ஓடட்டும். 404, அதாவது அப்படி எதுவும் இல்லை என்ற பதில், வந்தால் பாஸ். வேறு எது வந்தாலும் மெர்ஜ் ஆகக் கூடாது, அதாவது அந்தக் கோடு மெயின் கோடில் சேரக் கூடாது. புதிய ஏபிஐ எழுதினால் யாருக்கு அனுமதி என்று அதன் பக்கத்திலேயே அறிவிக்க வேண்டும், அறிவிக்காவிட்டால் சர்வரே ஸ்டார்ட் ஆகக் கூடாது. எங்கள் டீமில் இதைப் போட்ட முதல் வாரம் எல்லோரும் எரிச்சல்பட்டார்கள். பிறகு மறந்தே விட்டார்கள், அது பழக்கமாகிவிட்டது.

வெப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2021-இல் வெளியிட்ட பத்து ஆபத்துகள் பட்டியலில் முதலிடம் அனுமதிச் சோதனைக் கோளாறுகளுக்குத்தான். பாதுகாப்பற்ற வடிவமைப்பு என்று ஒரு புதிய தலைப்பும் அந்த வருடம்தான் நான்காம் இடத்தில் சேர்ந்தது. உங்கள் மேனேஜருக்குப் பட்டியல் பிடிக்குமென்றால் அதைக் காட்டுங்கள்.

இன்ஸ்டால் ஆகும்போது அட்மின், அட்மின்123 என்று ஒரு கணக்கு உருவாக்கும் ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். 2016-இல் மிராய் பாட்நெட் (பிடித்த கருவிகளையே படையாகச் சேர்த்து ஏவும் தீய நிரல்) லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான்.

லைப்ரரிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் 2017-இல் சுமார் 14.7 கோடி பேர் விவரம் போனது. அவர்கள் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் லைப்ரரியின் ஓட்டைக்கு மார்ச் மாதமே திருத்தம் வந்துவிட்டது, உள்ளே வந்து எடுத்தது மே மாதத்திலிருந்து. எந்த சர்வரில் எந்த லைப்ரரி ஓடுகிறது என்ற பட்டியல் கையில் இல்லாவிட்டால் பேட்ச் வந்தும் பயனில்லை. நோட் புராஜெக்டில் எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு என்று பதியும் லாக் ஃபைலை (lock file) கிட்டில் வையுங்கள், வாரம் ஒரு முறை அப்டேட் பார்க்க ஓர் ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். எல்லோரும் பார்ப்போம் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

---

மணல்மேடு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து மீட்டிங்ல ஃபர்ஸ்ட் அமெரிக்கன் கதையைச் சொன்னேன். ஆடிட்ல கண்டுபிடிச்சும் மாசக்கணக்கா திறந்து கிடந்துச்சுன்னதும் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தாரு. முதல் வாரத்துல ரெண்டு நாள் டிசைனுக்கு ஒதுக்கிட்டாங்க. அந்த ஒரே நம்பர் விஷயத்தை லாப் ஓனர்கிட்டயும் போன்ல கேட்டேன். ஏற்கெனவே அப்படி ஒரு பிரச்சினை வந்து சமாளிச்சிருக்காங்களாம், அதனால இதைக் கட்டாயம் பண்ணுங்கன்னு அவரே சொல்லிட்டாரு.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, அந்த ரெண்டு நாள்ல உட்கார்ந்து என்ன பண்ணணும்? எது தப்பாப் போகலாம்னு முன்கூட்டியே யோசிக்கிற த்ரெட் மாடலிங்னு தேடினா பெரிய பெரிய டெம்ப்ளேட்டா வருது. ரெண்டாவது, அக்கா, சென்சிடிவ் டெஸ்ட் ரிப்போர்ட்டை எப்படி அனுப்பறது? கவுன்ட்டர்ல எல்லார் முன்னாடியும் கேட்க முடியாதே. சட்டப்படி நாங்க ஏதாவது செய்யணுமான்னும் சொல்லுங்க.

---

தாழம்பூ எழுதியது:

இரண்டு நாள் கிடைத்ததே பெரிய விஷயம். லாப் ஓனரே கேட்டுவிட்டார் என்றால் பாதி சண்டை முடிந்தது, இனி அது அவருடைய தேவை.

டெம்ப்ளேட் வேண்டாம். ஒரு வெள்ளைப் பலகை போதும். ஆடம் ஷோஸ்டாக் என்பவர் இந்தத் துறையில் பெயர் பெற்றவர், அவர் நான்கே கேள்விகளாகச் சுருக்கி வைத்திருக்கிறார். என்ன கட்டுகிறோம், எது தவறாகப் போகலாம், அதற்கு என்ன செய்யப் போகிறோம், செய்தது போதுமா. முதல் நாள் காலை ஒரு டியூப் ரத்தத்தின் பயணத்தை வரையுங்கள். வீட்டில் எடுப்பவர் போன், சென்டர், பார்கோடு, அனலைசர், மெஷின் பக்கத்து பிசி, உங்கள் சர்வர், பேத்தாலஜிஸ்ட், வாட்ஸ்அப், பேஷன்ட். ஒவ்வொரு அம்புக்குறியிலும் நின்று, இங்கே வேறு ஒருவர் நானே அவர் என்று சொன்னால் என்ன ஆகும், வழியில் மாற்றினால் யாருக்குத் தெரியும், செய்துவிட்டு நான் செய்யவில்லை என்றால் நிரூபிக்க முடியுமா என்று கேளுங்கள். மைக்ரோசாஃப்டில் 1999-இல் இருவர் இப்படிப்பட்ட கேள்விகளை ஸ்ட்ரைட் என்று ஆறு வகையாகப் பிரித்து வைத்தார்கள், வேண்டுமானால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெவலப்பர்கள் மட்டும் உட்காராதீர்கள். கவுன்ட்டரில் இருக்கும் ஒருவரையும், வீட்டுக்குப் போய் ரத்தம் எடுக்கும் ஒருவரையும் ஒரு மணி நேரமாவது கூப்பிடுங்கள். நாம் யோசிக்காததை அவர்கள்தான் சொல்வார்கள். வேலையை விட்டுப் போனவரின் போனில் பேஷன்ட் முகவரியெல்லாம் அப்படியே இருக்கிறதே, போன மாதம் போனவர் இன்னும் அந்த வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறாரே என்று. அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆள் விலகிய அன்றே லாகின் சாக வேண்டும், மொபைல் ஆப்பில் அன்றைய பேஷன்ட் பட்டியல் மட்டும் இருக்க வேண்டும், மறுநாள் அது அழிய வேண்டும். இதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் முடிவாகும்.

சென்சிடிவ் ரிப்போர்ட்டைப் பற்றி. கவுன்ட்டரில் வாயால் கேட்க வேண்டிய நிலையே வரக் கூடாது. எல்லா டெஸ்ட்டும் பட்டியலாக உள்ள மாஸ்டர் டேபிளில், ஒவ்வொரு டெஸ்ட் ரிப்போர்ட்டையும் எப்படிக் கொடுப்பது என்று ஒரு பத்தி (column) வையுங்கள். எவை இந்தப் பட்டியலில் வரும் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், பேத்தாலஜிஸ்ட் உட்கார்ந்து குறித்துக் கொடுக்கட்டும். எச்ஐவி, கர்ப்பப் பரிசோதனை, பால்வினை நோய்ப் பரிசோதனைகள் நிச்சயம் வரும். அவற்றுக்குத் தானாக லிங்க் போகாது, ரிப்போர்ட் கையில்தான். பேஷன்ட் வேறு மாதிரி விரும்பினால் ஒப்புதல் படிவத்தில் தானே டிக் செய்து, தன் நம்பரை எழுதிக் கொடுக்கட்டும். பேச வேண்டியதில்லை, பின்னால் நிற்பவர் காதில் விழாது.

ஒரே ஆளுக்குச் சாதாரண டெஸ்ட்டும் சென்சிடிவ் டெஸ்ட்டும் ஒரே பில்லில் வரும், அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரிப்போர்ட் இரண்டாகப் பிரிய வேண்டும். பில் பிடிஎஃப் குடும்ப நம்பருக்குப் போகிறது என்றால் அதில் டெஸ்ட் பெயர் விரிவாக வரக் கூடாது.

மெசேஜ் வாசகத்தையும் பாருங்கள். உங்கள் இந்த டெஸ்ட் ரிப்போர்ட் தயார் என்று அனுப்பினால், லிங்க்கைத் திறக்காமலேயே போன் லாக் ஸ்க்ரீனில் டெஸ்ட் பெயர் தெரிந்துவிடும். ரிப்போர்ட் தயார் என்பதோடு நிறுத்துங்கள். பிடிஎஃப் ஃபைல் பெயரிலும் பேஷன்ட் பெயர், டெஸ்ட் பெயர் இரண்டும் வேண்டாம். அது டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வருடக்கணக்கில் கிடக்கும், பேரன் கேம் இறக்கும்போது கண்ணில் படும்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, அதில் பட்டியலிட்டுள்ள பாதுகாப்புச் சம்பவம் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களிடம் சொல்ல வேண்டும், லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 6 மணி நேரத்தில் சொல்ல என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும் இல்லையா, அதற்குத்தான் லாகை முதல் நாளே எழுதச் சொன்னேன். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விவரம் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் உண்டு. முதல் பொறுப்பு லாபுக்கு. ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் எவ்வளவு வருகிறது என்று ஒரு வக்கீலை வைத்துப் படித்துவிடுங்கள். அது நம் வேலை இல்லை.

ஆடிட்டைக் கடைசிக்கு வைக்காமல், லிங்க்கும் லாகினும் மட்டும் ஓட ஆரம்பித்ததும் அந்தக் கம்பெனியை ஒரு நாள் கூப்பிட முடியுமா என்று கேளுங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள். அப்போது வரும் குறைகளைத் திருத்துவது எளிது, கடைசியில் வரும் பட்டியலும் சிறிதாகும்.

பலகையில் வரைந்ததும் ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், லாப் பெயரையும் சென்டர் பெயர்களையும் மறைத்துவிட்டு. பிழைதேடியும் நானும் பார்த்துச் சொல்கிறோம்.